சுவரோரம் நிற்பது யார்?

சபை வாலிபர் கூட்டத்தில் என்ன விளையாடலாம்? எப்படி விளையாடினால் எல்லோரும் விளையாடலாம்? ஒரு சிறப்புப் பார்வை

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. திருநெல்வேலிச் சீமையில் எந்தக் கோயில் காம்பவுண்டுக்குள் நுழைந்தாலும் காட்சி ஏறக்குறைய ஒன்றுதான். வேப்பமரத்தடியில் நாலைந்து பைக்குகள். உள்ளே பாடகர் குழுவின் கீபோர்டு இன்னும் ஓயவில்லை. வாலிபர் சங்கச் செயலாளர் ஆராதனைக்கு வாடகைக்கு எடுத்த பிளாஸ்டிக் நாற்காலிகளை வட்டமாகப் போட்டுக்கொண்டிருப்பார். “இன்னைக்கு என்ன கேம்ணே?” என்று யாராவது கேட்பார்கள். பதில் கேட்பவருக்கே தெரியும். மியூசிக்கல் சேர்.

பாட்டு ஓடும், நிற்கும், ஓர் ஆள் வெளியே. முதல் ஆளாக வெளியே வருவது பெரும்பாலும் யார்? ஊருக்குப் புதிதாக வந்த பையன், கொஞ்சம் குண்டான பிள்ளை, இடித்துத் தள்ளக் கூச்சப்படுகிற பெண், கால் சற்றே ஊனமானவன். இருபது பேருக்குப் பத்தொன்பது நாற்காலி என்று தொடங்கினால் பத்தொன்பது சுற்று. சுற்றுக்கு ஒரு நிமிடம் என்று வையுங்கள். முதலில் வெளியேறியவர் மிச்சம் பதினெட்டு நிமிடமும் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். நன்றாக ஓடுகிறவருக்குக் கடைசிவரை விளையாட்டு. தயங்கித் தயங்கி வந்தவருக்கு ஒரே நிமிடம். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை என்றால், “பிள்ளைகளுக்கு ஆர்வம் இல்லை, ஐயரே” என்று கமிட்டியில் சொல்லிவிடுகிறோம்.

வாலிபர் கூட்டத்துக்கு விளையாட்டுப் பட்டியல் கொடுப்பது லேசான வேலை. இந்தப் பட்டியலுக்கு ஒரே அளவுகோல்தான் வைத்திருக்கிறோம்: ஆட்டம் நடக்கும்போது சுவரோரம் நிற்பது யார்?

நாற்காலி போகட்டும், ஆள் இருக்கட்டும்

மியூசிக்கல் சேரையே எடுத்துக்கொள்வோம். விதியை ஒரே இடத்தில் மாற்றினால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் நாற்காலியை எடுங்கள், ஆளை எடுக்காதீர்கள். பாட்டு நின்றதும் எல்லோருக்கும் இடம் கிடைத்தாக வேண்டும். ஒருவருக்குக் கிடைக்காவிட்டாலும் மொத்தக் கூட்டமும் தோற்றது. முதல் இரண்டு சுற்றில் சிரிப்பு மட்டும் வரும். அதற்கப்புறம் யோசனை வரும்: “நீ இங்க வா”, “அவனுக்கு இடம் விடு”. முன்பு இடித்துத் தள்ளிய அதே கை இப்போது பிடித்து இழுத்துக்கொள்ளும்.

ஆணும் பெண்ணும் சேர்ந்திருக்கிற கூட்டத்தில் நாற்காலியில் நெருக்கியடித்து உட்காரச் சொன்னால் சங்கடம். அங்கே நாற்காலிக்குப் பதில் செய்தித்தாளைத் தரையில் விரியுங்கள். ஒரு பாதம் தாளில் பட்டால் போதும் என்று விதி வையுங்கள். சுற்றுக்குச் சுற்று தாளைப் பாதியாக மடிக்கலாம். செலவு, ஒரு நாள் பேப்பர்.

கேப்டன் ஆள் பிடிக்கிற கொடுமை

வெளியேற்றுகிற ஆட்டத்தைவிட மோசமான ஒன்று, ஆட்டம் தொடங்கும் முன்பே நடந்துவிடுகிறது. இரண்டு கேப்டன்கள் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி ஆள் எடுப்பார்கள். “எனக்கு அவன்”, “எனக்கு இவன்”. கடைசியில் மிஞ்சுகிற ஆளை யாரும் எடுப்பதில்லை. அவர் தானாக ஒரு பக்கம் போய் நின்றுகொள்கிறார். அந்தப் பத்தடி நடையை அவர் நாற்பது வயதிலும் மறப்பதில்லை.

இதற்கு மருந்து நம் ஊர்த் தெருவிலேயே இருந்தது. உத்தி பிரிப்பது என்பார்கள். ஏறக்குறைய சம பலமுள்ள இருவர் தோளில் கை போட்டுக்கொண்டு தூரமாகப் போவார்கள். ஒருவர் மழை, ஒருவர் வெயில் என்று ரகசியமாகப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, “மழை வேணுமா, வெயில் வேணுமா?” என்று கேட்பார்கள். கேப்டன் மழை என்றால் மழை அந்தப் பக்கம், வெயில் இந்தப் பக்கம். யார் மழை என்று கேப்டனுக்குத் தெரியாது. அணிகளும் சமமாகப் பிரிந்துவிடும். கடைசியாக மிஞ்சியவன் என்று ஒருத்தனும் இருக்க மாட்டான்.

சபையில் இதற்கு இன்னொரு பலனும் உண்டு. ஒரே தெரு, ஒரே சொந்தம், ஒரே ஸ்கூல், வெளியே சொல்லாவிட்டாலும் ஒரே சாதி என்று பிள்ளைகள் தங்களை அறியாமலே கொத்துக் கொத்தாக நிற்பார்கள். பிரிந்து நில்லுங்கள் என்று உபதேசம் பண்ணினால் முகம் சுளிப்பார்கள். உத்தி அதைச் சத்தமில்லாமல் செய்துவிடும். மழை, வெயிலுக்குப் பதில் பேதுரு, பவுல் என்றும் வைக்கலாம்; அது உங்கள் விருப்பம்.

கூடையைத் தலைக்கு மேலே மாட்டியவர்

யார் வெளியே நிற்கிறார்கள் என்று பார்த்து விதியைத் திருத்துவது புதுக் கண்டுபிடிப்பு அல்ல. உலகம் முழுக்க ஆடுகிற இரண்டு விளையாட்டுகள் அப்படித்தான் பிறந்தன. இரண்டும் பிறந்தது ஒய்.எம்.சி.ஏ. என்கிற கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கூரைக்குக் கீழே.

1891. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணம், ஸ்பிரிங்ஃபீல்டு. வெளியே பனி. உள்ளே 18 முரட்டு மாணவர்கள் உடற்பயிற்சி வகுப்பை வெறுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். இறையியல் படித்துவிட்டு உடற்கல்விக்கு வந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்ற ஆசிரியரிடம், இவர்களுக்கு இரண்டு வாரத்துக்குள் ஓர் உள்ளரங்க ஆட்டம் கண்டுபிடி என்று பொறுப்பைக் கொடுத்தார்கள். மரத்தரையில் விழுந்தால் எலும்பு முறியும். ஆகவே பந்தோடு ஓடக் கூடாது, இடிக்கக் கூடாது என்றார். முழு பலத்தோடு எறிந்தால் கோல் விழக் கூடாது என்று குறியைத் தலைக்கு மேலே தூக்கினார். பீச் பழம் போடுகிற கூடைகளை மாடத்தில் மாட்டினார். 13 விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார். முரட்டுத்தனம் இனிப் பலிக்காது. கூடைப்பந்து பிறந்தது.

நான்கு வருடம் கழித்து, 1895-ல், பக்கத்து ஊரான ஹோலியோக் ஒய்.எம்.சி.ஏ.வில் வில்லியம் மார்கன் வேறொரு கூட்டம் ஒதுங்கி நிற்பதைக் கவனித்தார்: கூடைப்பந்தின் ஓட்டத்துக்கு மூச்சு வாங்குகிற நடுத்தர வயது வியாபாரிகள். நடுவே வலையைக் கட்டி ஒருவர்மேல் ஒருவர் மோத வழியில்லாமல் செய்தார். அதுதான் வாலிபால்.

இந்தப் பரம்பரை சென்னைக்கும் வந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் படித்த ஹாரி குரோ பக், 1920-ல் ஐந்தே மாணவர்களோடு தொடங்கியதுதான் இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி. நம் ஊர் மைதானங்களில் விசில் ஊதிய பி.டி. வாத்தியார்களில் பலர் அங்கே படித்து வந்தவர்கள்.

முதல் அரை மணி: பெயர்

சேகர அளவிலான ரிட்ரீட்டில் ஏழெட்டு ஊர்ப் பிள்ளைகள் கூடுவார்கள். மூன்று ஜெபராஜ், நான்கு பியூலா நிச்சயம் இருப்பார்கள். ஆளுக்கு நூறு வார்த்தை பேசி அறிமுகம் செய்துகொள்ளச் சொன்னால் பத்தாவது ஆளிலேயே கொட்டாவி வந்துவிடும்.

“ஆளைத் தேடு” ஆடிப் பாருங்கள். ஒரு தாளில் பதினாறு கட்டம். ஒவ்வொன்றிலும் ஒரு குறிப்பு: சைக்கிள் ஓட்டத் தெரியாதவர், ஆல்டோ பாடுகிறவர், பனையேறியின் பேரன், டிசம்பரில் பிறந்தவர், கோயில் மணி அடித்திருப்பவர், தேர்வில் ஒரு தடவையாவது தோற்றவர். கட்டத்துக்கு ஓர் ஆளைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்க வேண்டும். ஒருவரிடம் ஒரு கையெழுத்துதான். இதில் தானாக முன்வந்து பேசத் தெரியாதவருக்கும் பேச்சு கிடைத்துவிடும். சைக்கிள் ஓட்டத் தெரியாத பையனை அன்றைக்கு முப்பது பேர் தேடிக்கொண்டு வருவார்கள்.

வசனம், பாட்டு, துப்பு

வசனம் எடுக்கிற போட்டி ஞாயிறு பள்ளியில் படித்த எல்லோருக்கும் தெரியும். வேதாகமத்தை மூடித் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வேண்டும். “ஆபகூக் இரண்டு நான்கு” என்றதும் புரட்ட வேண்டும். செல்போன் வந்தபின் இந்த ஆட்டத்தின் உயிர் போய்விட்டது. விரலால் தட்டினால் வசனம் வந்து நிற்கிறது. ஆகவே போன்களைக் காணிக்கைப் பையில் போட்டுவிட்டு அச்சுப் புத்தகத்தோடு தொடங்குங்கள். இதுவும் தனித்தனியாக ஆடினால் ஒரே பெண் எல்லாப் பரிசையும் அள்ளிக்கொண்டு போவாள். நான்கு பேர் ஓர் அணி: ஒருவர் தேட, ஒருவர் வாசிக்க, ஒருவர் ஓடிப் போய்ப் பலகையில் எழுத, ஒருவர் அதையே ஊமையாக நடித்துக் காட்ட. ஐந்து வசனத்துக்கு ஒருமுறை வேலை மாற வேண்டும். 66 புத்தகத்தின் வரிசையும் மனப்பாடம் ஆகாதவருக்கு நடிப்பாவது வரும்.

கீர்த்தனை அந்தாக்ஷரியில் ஒரு சிக்கல் உண்டு. நம் பாட்டுகளில் பாதி ஆண்டவரை விளித்து ஏகாரத்தில் முடியும். கடைசி எழுத்தை வைத்து ஆடினால் இரண்டு அணியும் மாறி மாறி ஏகாரத்திலேயே முட்டிக்கொள்ளும். கடைசி எழுத்தை விட்டுக் கடைசி வார்த்தையின் முதல் எழுத்தை எடுக்கச் சொல்லுங்கள், ஆட்டம் ஓடும். சினிமாப் பாட்டு தெரிந்த பையன்கள் தத்தளிக்கும்போது, அணிக்கு ஒரு பாட்டியைச் சேர்த்துக்கொள்ள அனுமதி கொடுங்கள். அதன்பின் பாட்டியைப் பிடிக்கத்தான் போட்டி. தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் குறவஞ்சி என்கிற ஆட்டக்கூத்து வடிவத்தையே எடுத்துப் பெத்லகேம் குறவஞ்சி எழுதியவர். கோயில் பாட்டும் ஆட்டமும் நம் மண்ணில் தூரத்துச் சொந்தம் இல்லை, நெருங்கிய சொந்தம்.

புதையல் வேட்டைக்குக் காட்டுக்குப் போக வேண்டாம், பழைய கோயில் போதும். பாளையங்கோட்டையில் 1785-ல் குளோரிந்தா அம்மையார் கட்டிய கோயில் இருக்கிறது. மிஷனரி ரேனியஸ் 1826-ல் கட்டிய ஊசிக்கோபுரம் இருக்கிறது. மெஞ்ஞானபுரத்துக் கோபுரத்தின் உயரம் 192 அடி. உங்கள் ஊர்க் கோயிலிலும் மூலைக்கல், மணி, கல்லறை எழுத்து, ஞானஸ்நானத் தொட்டி என்று துப்பு வைக்க இடமா இல்லை? கடைசித் துப்பை மட்டும் எழுதி வைக்காதீர்கள். சபையிலேயே மூத்தவர் வீட்டில் ஒப்படையுங்கள். அவர் சிறுவயதில் இந்த மணி எப்படி ஒலித்தது என்று கேட்டு வந்தால்தான் புதையலின் சாவி. அந்த வீட்டுக்கு எல்லா அணியும் போய்ச் சேரும்போது தாத்தா சட்டை மாற்றி உட்கார்ந்திருப்பார்.

துண்டு முடிச்சு, கிளித்தட்டு

எட்டுப் பத்துப் பேர் வட்டமாக நின்று, குறுக்கே கை நீட்டி வெவ்வேறு ஆளின் கையைப் பிடித்து, கையை விடாமல் சிக்கலை அவிழ்க்கிற ஆட்டம் முகாம்களில் பிரபலம். நம் கூட்டங்களில் ஆணும் பெண்ணும் கை கோக்கத் தயங்குவார்கள். பார்க்கிற மூப்பர்களும் தொண்டையைச் செருமுவார்கள். அதற்காக ஆட்டத்தைக் கைவிட வேண்டாம். ஆளுக்கொரு துண்டு கொடுங்கள். கைக்குப் பதில் துண்டின் நுனியைப் பிடிக்கட்டும். அவிழ்க்க இடமும் கூடுதலாகக் கிடைக்கும். சில நேரம் ஒரே வட்டமாக அவிழாது. இரண்டு தனி வளையமாகப் பிரியும், சமயத்தில் அவிழவே அவிழாது. அது பிள்ளைகளின் தப்பில்லை, பிடித்த விதம் அப்படி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மைதானத்துக்குக் கிளித்தட்டு. சுண்ணாம்புப் பொடியில் நீளமாகக் கட்டங்கள் போட்டு நடுவே ஒரு கோடு. குறுக்குக் கோடுகளில் ஓர் அணி மறித்து நிற்கும். நடுக்கோட்டில் ஓடித் தொடுகிற உரிமை அந்த அணியின் ‘கிளி’க்கு மட்டும். மற்ற அணி தொடப்படாமல் கடந்து போய்த் திரும்ப வேண்டும். வேகம் மட்டும் இதில் செல்லாது. தோளை ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் நழுவுகிற தந்திரம் வேண்டும். கூட்டாளி கிளியை ஏமாற்றி இழுத்துப் போகும் நேரம் பார்த்துக் காத்திருக்கிற பொறுமை வேண்டும். ஓட்டப்பந்தயத்தில் கடைசியாக வருகிறவர்கள் கிளித்தட்டில் வீரர்களாக இருப்பதைப் பலமுறை பார்க்கலாம்.

மழை நாளில் ஹாலுக்குள் அடைபட்டால் “மாஃபியா” இருக்கிறது. 1980-களில் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி தவிதோவ் உருவாக்கிய இந்த ஆட்டம் நம் ராஜா ராணி திருடன் போலீஸின் பெரியப்பா மகன் மாதிரி: கூட்டத்துக்குள் ஒளிந்திருக்கிற சிலரைப் பேச்சிலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஆனால் இதிலும் முதலில் “செத்தவர்” கடைசிவரை வாய் திறக்கக் கூடாது. ஆகவே ஆட்டத்தைப் பத்து நிமிடத்தில் முடியுமாறு வையுங்கள். வெளியேறியவரை அடுத்த ஆட்டத்தின் நடத்துநர் ஆக்குங்கள்.

எங்கே நிறுத்த வேண்டும்

சிம்சோன் தன் கலியாண விருந்தில் ஒரு விடுகதை போட்டான். ஏழு நாள் கெடு, பந்தயம் முப்பது துப்பட்டியும் முப்பது மாற்று வஸ்திரமும். தோற்கப் பொறுக்காத முப்பது தோழர்கள் மணப்பெண்ணையே மிரட்டி விடை வாங்கினார்கள். பந்தயத்தை அடைக்க முப்பது பேரின் உயிர் போனது. நியாயாதிபதிகள் 14-ல் இருக்கிற இந்தக் கதையில் விடுகதைமேல் குற்றமில்லை, பந்தயத்தின்மேல்தான் குற்றம். பரிசு பெரிதாகப் பெரிதாக ஆட்டம் சண்டைக்குக் கிட்டே போகிறது. ஒரு பாக்கெட் கடலை மிட்டாயை அணி முழுவதும் பகிர்ந்துகொள்கிற அளவே போதுமான பரிசு.

டிசம்பர் பிறந்தால் கிறிஸ்-மாம், கிறிஸ்-சைல்டு. சீட்டு குலுக்கிப் போட்டு, யார் தன் அம்மா என்று தெரியாமல் அவர் எழுதி அனுப்பும் வேலைகளையெல்லாம் பிள்ளை செய்ய வேண்டும். இனிய ஆட்டம்தான். ஆனால் கடைசியில் பரிசாக ஒரு பிள்ளைக்கு ஆயிரம் ரூபாய் வாட்ச் வருகிறது, இன்னொரு பிள்ளைக்குப் பேனா. பரிசுக்கு ஐம்பது ரூபாய் என்று மேல்வரம்பு வைத்துவிடுங்கள். வேலைச் சீட்டுகளைச் செயலாளர் ஒருமுறை படித்துவிட்டுக் கொடுக்கட்டும். நிறம், உடம்பு, குடும்ப நிலைமை, காதல் கிசுகிசு ஆகியவற்றைத் தொடுகிற எதையும் கிழித்துப் போட்டுவிடலாம்.

சாப்பாட்டுப் பந்தயமே வேண்டாம். 2024 ஓணத்தின்போது கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இட்லி தின்னும் போட்டியில் ஒருவர் தொண்டையில் இட்லி அடைத்து இறந்தார். வாய் நிறைய பன்னையோ வாழைப்பழத்தையோ திணிக்கிற ஆட்டத்தில் சிரிப்பும் மூச்சுத்திணறலும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். குற்றாலம், தாமிரபரணி, மணப்பாடு கடற்கரை என்று போனால் தண்ணீரில் விளையாட்டுப் போட்டி வைக்காதீர்கள். நீந்தத் தெரிந்த பெரியவர்கள் கரையில் நிற்க, ஆள் எண்ணி இறக்கி ஆள் எண்ணி ஏற்றுங்கள்.

கோயில் என்ன, விளையாட்டுத் திடலா?

இந்தக் கேள்வி வராத சபை இல்லை. கேட்கிற மூப்பரைக் கேலி செய்ய வேண்டாம்; இது நானூறு வருஷப் பழைய வழக்கு. 1618-ல் இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர், ஞாயிறு ஆராதனை முடிந்தபின் ஜனங்கள் ஆடலாம், தாண்டிக் குதிக்கலாம், அம்பெய்து விளையாடலாம் என்று ஓர் அறிக்கை விட்டார். ஆங்கில வேதாகமம் ஒன்று எந்த மன்னர் பெயரால் வழங்குகிறதோ அதே ஜேம்ஸ். கண்டிப்பான சீர்திருத்தக்காரர்களான பியூரிட்டன்கள் கொதித்தார்கள். 1643-ல் பாராளுமன்றத்தின் உத்தரவுப்படி அந்த அறிக்கையைப் பகிரங்கமாக எரித்தார்கள்.

சகரியா தீர்க்கதரிசியோ, மீண்டெழுந்த எருசலேமைத் தரிசித்தபோது எட்டாம் அதிகாரத்தில் இரண்டு அடையாளம் சொல்கிறார்: கையில் கோலூன்றி உட்கார்ந்திருக்கும் முதியவர்கள், வீதி நிறைய விளையாடும் சிறுவர் சிறுமியர். இருவரும் ஒரே வீதியில்தான் இருக்கிறார்கள்.

ஓய்வுநாள் வைராக்கியத்துக்கு உலகம் அறிந்த உதாரணம் எரிக் லிட்டல். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் தகுதிச் சுற்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் ஓட மறுத்தார். 400 மீட்டரில் ஓடித் தங்கம் வென்றார். நம் ஹாரி பக் இந்திய அணியை அழைத்துப் போனதும் அதே ஒலிம்பிக்குக்குத்தான். லிட்டல் பிறகு சீனாவில் மிஷனரி ஆனார். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் முகாமில் அடைபட்டார். அங்கிருந்த பிள்ளைகளுக்கு விளையாட்டு சொல்லிக் கொடுத்தார், ஞாயிறு மட்டும் விலக்கு. நடுவர் இல்லாமல் ஒரு ஞாயிறு ஹாக்கி ஆடிய பிள்ளைகள் சண்டையில் முடித்தார்கள். அதன்பின் ஞாயிற்றுக்கிழமையிலும் அவரே நடுவராகப் போய் நின்றார். தங்கப் பதக்கத்துக்காகத் தளர்த்தாத விதியைப் பிள்ளைகளுக்காகத் தளர்த்தினார். 1945-ல், முகாம் விடுதலையாகும் முன்பே, மூளைக் கட்டியால் இறந்துபோனார்.

மூப்பர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, விசிலை அவர்கள் கையிலேயே கொடுத்துப் பாருங்கள்.

கடைசி ஐந்து நிமிடம்

விளையாட்டு முடிந்த கையோடு பிரசங்கம் ஆரம்பித்தால் பிள்ளைகளுக்கு மூக்கில் வேர்த்துவிடும். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஆட்டத்துல எந்த நேரம் வெளியே நிக்குற மாதிரி இருந்துச்சு?” பதில் வராவிட்டால் சுண்டலைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். அடுத்த வாரம் வரும்.

நாமே ஒன்றைக் கேட்டுக்கொள்ளலாம். ஓட முடியாத பிள்ளையிடம் ஸ்கோர் நோட்டைக் கொடுத்து, “நீ மார்க் போடு” என்போம். சேர்த்துக்கொண்டதாக நமக்கு ஒரு திருப்தி. அந்தப் பிள்ளை சுவரோரம்தான் நிற்கிறது. கையில் ஒரு பேனா இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

1956-ல் நெதர்லாந்தில் வாலிபாலை உட்கார்ந்து ஆட ஆரம்பித்தார்கள். 1980 முதல் அது பாராலிம்பிக் விளையாட்டு. ஆண்களுக்கு வலையின் உயரம் 1.15 மீட்டர், பெண்களுக்கு 1.05. பந்தைத் தொடும்போது இடுப்பு தரையைவிட்டு எழும்பக் கூடாது என்பதே அதன் பெரிய விதி.

நம் கிராமத்துக் கோயில்கள் பலவற்றில் பெஞ்சு கிடையாது, பாய்தான். கோயிலை ஒட்டிய ஹாலில் அந்தப் பாய்களை விரித்து, நடுவே இரண்டு தூணுக்கும் சேர்த்து ஒரு பழைய சேலையைக் கட்டுங்கள், இடுப்பளவு உயரத்துக்கு. பந்துக்குப் பதில் பலூன். எல்லோரும் உட்கார வேண்டும்; மாவட்ட அணிக்கு ஆடுகிறவனும்தான். அவனுக்குத் தரையில் நகரத் தெரியாது, கவிழ்ந்து விழுவான். காலில் பலமில்லாமல் கையை ஊன்றியே பழகிய பிள்ளை சரசரவென்று வந்து பலூனைத் தட்டும்.

அன்றைக்கு உத்தி பிரிக்கும்போது அந்தப் பிள்ளைதான் மழையா, வெயிலா என்று இரண்டு கேப்டன்களும் எட்டி எட்டிப் பார்ப்பார்கள்.